தோள்பையில் ஓடிய தோழர்கள்

பல்லை முத்தென்றும் முல்லை அரும்பென்றும் பாடிய பழம்புலவர்களில் ஒருவரேனும் செயற்கைப் பல் செய்யும் பட்டறைக்குள் ஒரு பகற்பொழுது அமர்ந்திருந்தால், உவமையை மாற்றியிருக்க மாட்டார். ஆனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். அங்கே முத்துக்கள் நிறம் பார்த்துத் தட்டுகளில் அடுக்கப்பட்டிருந்தன. பாலின் வெண்மை, தந்தத்தின் வெண்மை, நெடுநாள் தேநீர் குடித்துப் பழகிய வெண்மை என்று வெள்ளைக்குள்ளேயே ஓர் உலகம் இருந்தது. உயரமான முக்காலிகளில் முதுகு வளைந்து அமர்ந்த இளையோர், சிறு சுடரில் கத்தியைக் காட்டி, மெழுகை உருக்கி, முகம் காணாத யாரோ ஒரு முதியவரின் ஈறுக்காக ஒவ்வொரு பல்லாக நட்டுக்கொண்டிருந்தனர். பிளாஸ்டர் தூள் அவர்களுடைய புருவங்களில் மெல்லிய பனியைப்போல் படிந்திருந்தது. அந்தப் பட்டறையை நடத்திய பயிற்சி மையம் அவர்களைப் பல் தொழில்நுட்பர்களாக ஆக்குவதற்கு முன்பே கூனர்களாக ஆக்கிவிடும் என்பது அங்கு நிலவிய வேடிக்கைப் பேச்சு.

பிற்பகலில் மட்டும் அவர்களுக்கு ஓய்வு வாய்த்தது. மெழுகில் நட்ட பற்களைப் பிளாஸ்டரில் புதைத்து, மெழுகை நீக்கி, அந்த இடத்தில் ஈறு நிறத்து அக்ரிலிக் மாவை அடைத்து, இரும்புப் பெட்டிகளை இறுக்கி வெந்நீர்த் தொட்டியில் இறக்கிவிட்டால், மாவு இறுகும்வரை மனிதர் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. அந்த இடைவேளைக்கு மாணவர்கள் இட்ட பெயர் வேக்காடு. "வேக்காடு விட்டாச்சு" என்ற குரல் எழுந்ததும் எல்லா மேசைகளும் காலியாகும். பின்வாசல் படிகள் நிறையும். அங்கே தோளோடு தோள் உரச அமர்ந்து, ஆளுக்கொரு கைப்பேசியில் கண்ணைப் புதைப்பார்கள். முக்காலியிலிருந்து படிக்கு இடம் மாறியதே அவர்களுடைய அன்றைய பயணம்.

ஒருத்தி மட்டும் அமரமாட்டாள். மூன்றாம் மேசையைச் சேர்ந்த அவள், வேக்காடு தொடங்கியதும் காலணியின் கயிற்றை இறுக்கிக்கொண்டு பின்வாசலைத் தாண்டிவிடுவாள். பேருந்துப் பணிமனையின் நெடுஞ்சுவரை ஒட்டி ஓடி, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியை வலம் வந்து, பிளாஸ்டர் மூட்டைகள் இறங்கும் சந்தின் வழியாகத் திரும்புவாள். யாரும் அவளை ஓடச் சொல்லவில்லை. எந்தப் போட்டியிலும் அவள் பெயர் இல்லை. சிலருக்கு நாவில் துதி அமைகிறது. அவளுக்கு அது உள்ளங்காலில் அமைந்திருந்தது. ஆயினும் அவள் நெஞ்சில் ஒரு குறை இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் திருப்பத்தில், எங்கிருந்தோ ஒரு காற்று குறுக்கே வந்து வியர்வையைத் துடைத்துப் போகும். ஓடி முடித்தபின், "அந்தத் திருப்பத்துல காத்து எப்படி அடிச்சது பாத்தியா?" என்று கேட்க அவளுக்கு ஒருவரும் இல்லை. கொழுகொம்பு காணாத கொடியைப்போல அந்தக் கேள்வி அவளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

இப்படியிருக்கையில் சுகாதாரத் துறையிலிருந்து ஓர் இளம் அலுவலர் வந்தார். "மேடம் வேண்டாம், அக்கான்னே கூப்பிடுங்க" என்று தொடங்கியவர், குடிநீர்க் குழாய்க்கு அருகே பெரிய திரையொன்றை மாட்டச் செய்தார். திரையில் மேசைக்கு ஒன்றாக இலை விட்ட பச்சைக் கொடிகள் தரையில் படுத்திருந்தன.

"டாக்டர் சொன்னா தலையாட்டுவீங்க, அதோட சரி" என்றார் சுகாதார அக்கா. "டிவியில சொன்னா சேனலை மாத்துவீங்க. பக்கத்துல உக்காந்திருக்கறவன் எழுந்து போனாத்தான் நீங்களும் எழுந்து போவீங்க. அதனால இதுல தனி ஆளுக்கு மார்க்கு கிடையாது. ஒரு மேசைக்கு ஒரு கொடி. உங்க போன்ல இருக்கற செயலி நீங்க எவ்வளவு நடக்கறீங்கன்னு கணக்கு வச்சுக்கும். அஞ்சு பேரும் அசைஞ்சா கொடி ஏறும். ஒருத்தர் உக்காந்துட்டா மத்த நாலு பேருக்கும் தகவல் போகும். போய் எழுப்பி விட வேண்டியது உங்க பொறுப்பு. எந்தக் கொடி உச்சிக்குப் போகுதோ, அந்த மேசைக்குக் கடற்கரைக்கு ஒரு நாள் பயணம்."

ஓடுகிறவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை நாள் தான் கேட்கத் தயங்கியதை ஓர் அரசாங்கத் துறையே முன்வந்து கேட்டுவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. அன்றைய வேக்காட்டில், காலணியின் கயிற்றைக் கட்டியபடியே தன் மேசைக்காரர்களைப் பார்த்து, "வரீங்களா?" என்றாள்.

மூன்றாம் மேசையில் அவளைத் தவிர நால்வர். உட்கார்ந்த இடத்தை விட்டு எழாத ஒருத்திக்குக் கோந்து என்று பெயர். வாசற்படியில் குனிந்து நுழையும் உயரக்காரன் ஏணி. எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பவன் மந்திரி. நான்காமவன் மந்திரி சொன்னதற்கெல்லாம் தலையசைப்பவன், ஆதலால் ஆமாஞ்சாமி.

"எங்கே?" என்றாள் கோந்து, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒரே ஒரு சுத்து. நம்ம கொடி வளரணும்ல."

"வளரட்டுமே. நானா தடுக்கறேன்?"

"எனக்கு மேல இருந்து பாக்கறப்பவே தூரம் ஜாஸ்தியாத் தெரியுது" என்றான் ஏணி. "நீ ஓடு. நாங்க இங்க உக்காந்து உனக்காக மூச்சு வாங்கறோம்."

மந்திரி மட்டும் சிரிக்கவில்லை. நாடியைத் தடவிக்கொண்டான். "ஒரு சந்தேகம். அந்தச் செயலி கணக்கு எடுக்கறது காலையா, போனையா?"

"போனைத்தான்" என்றான் ஆமாஞ்சாமி.

"அப்போ ஓட வேண்டியது யாரு?"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பிறகு நால்வரும் ஓடுகிறவளின் தோள்பையைப் பார்த்தனர்.

இவ்வாறு நான்கு கைப்பேசிகள் அவளுடைய ஐந்தாவதோடு ஒரே பையில் ஏறின. அன்றே அவளுக்குத் தபால் என்ற பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் மறுத்திருக்கலாம். ஆனால் அதுவரை அவளை வழியனுப்ப யாரும் பின்வாசல்வரை வந்ததில்லை. அன்று நால்வர் வந்தனர். "பாத்து, என்னோடதுக்குத் திரை ஏற்கனவே கீறல் விட்டிருக்கு" என்றாள் கோந்து. திரும்பி வருகையில் நால்வரும் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தனர். காத்திருந்தது கைப்பேசிக்காகத்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஆயினும் காத்திருத்தல் காத்திருத்தல்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

தோள்பையில் தோழர்களைச் சுமந்து ஓடுவதில் ஒரு தொல்லை இருந்தது. தோழர்களுக்கெல்லாம் தாய்மார் இருந்தனர். தாய்மார்க்கெல்லாம் பிற்பகலில்தான் பிள்ளைகளின் நினைவு வந்தது. பணிமனைச் சுவரைத் தாண்டுவதற்குள் பை பாடத் தொடங்கிவிடும். முதல் நாள் ஒலித்தது ஏணியின் கைப்பேசி. எடுக்காவிட்டால் மறுபடி மறுபடி ஒலிக்குமே என்று ஓடியபடியே எடுத்தாள்.

"ஹலோ ஆன்ட்டி."

"நீ யாரும்மா? அவன் எங்கே?"

"அவன்... குளிக்கிறான் ஆன்ட்டி."

"பட்டறையிலயா?"

"பிளாஸ்டர் மேல கொட்டிடுச்சு."

மறுநாளும் அதே நேரத்தில் அதே அழைப்பு. "இன்னிக்குமா கொட்டிடுச்சு?" என்றார் ஏணியின் தாய். பிறகு கவலையோடு, "அந்த வேலை அவனுக்கு ஒத்து வரலையோ என்னவோ. ஆமா, நீ ஏம்மா இப்படி மூச்சு வாங்கற?"

"எனக்கு இப்படித்தான் ஆன்ட்டி."

"அலட்சியமா இருக்காதே. ஒரே இடத்துல உக்காந்திருந்தா இப்படித்தான் இளைப்பு வரும். கொஞ்சம் நடக்கப் பழகிக்கோ."

அன்று அவள் தண்ணீர்த் தொட்டியின் தூணைப் பிடித்துக்கொண்டு தனியே நின்று சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபின், இதையும் பகிர்ந்துகொள்ளப் பக்கத்தில் ஆளில்லை என்பது நினைவுக்கு வந்தது.

மூன்றாம் மேசையின் கொடி நாளுக்கு நாள் மேலேறியது. மற்ற மேசைக்காரர்கள் குடிநீர்க் குழாயண்டை நின்று அதை அண்ணாந்து பார்த்தனர். கோந்து இருக்கும் மேசைக்கா இந்த வளர்ச்சி என்று யாருக்கும் விளங்கவில்லை. "ராத்திரி தூக்கத்துல நடக்கறாளாம்" என்று ஏணி ஒரு விளக்கம் பரப்பினான்.

ஆனால் திரை காட்டாத ஒன்று பின்வாசலில் நடந்துகொண்டிருந்தது. கைப்பேசி இல்லாத கை, பல் விழுந்த வாயைப்போலத் தன் வெறுமையையே துழாவிக்கொண்டிருக்கும். முதலிரு நாள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொட்டாவி விட்டனர். மூன்றாம் நாள் கோந்து, விரல்களின் தினவு தாளாமல், பல் அச்செடுத்து மிஞ்சிய ரப்பர் மாவைப் பிசைந்து உருட்டினாள். அது இறுகிப் பந்தாகிவிட்டது. சரியான உருண்டையும் அல்ல. ஒரு பக்கம் சப்பை. ஏணியின் மீது எறிந்தாள். அது அவன் மேல் படாமல், சுவரில் மோதி, முற்றிலும் எதிர்பாராத திசையில் துள்ளி ஆமாஞ்சாமியின் காதைப் பதம் பார்த்தது. நால்வரும் வயிறு குலுங்கச் சிரித்தனர். எந்தப் பக்கம் துள்ளும் என்று தெரியாத பந்து கையில் கிடைத்தபின் எவரால் உட்கார்ந்திருக்க முடியும்?

மந்திரி விதிகளை வகுத்தான். உடைந்த பிளாஸ்டர்க் கட்டி சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டிபோல் எழுதும். அதைக் கொண்டு பின்முற்றத்தில் ஒரு பெரிய தாடையை வளைவாக வரைந்தான். ஆளுக்குச் சில பற்கள். சுவரில் மோதி வரும் பந்து யாருடைய பல்லை நோக்கி வருகிறதோ அவர் பிடிக்க வேண்டும். தவறவிட்டவர் சொத்தை. சொத்தையானவர் தாடையை ஒரு சுற்றுச் சுற்றி ஓடிவர வேண்டும்; அதற்குள் மற்றவர்கள் பந்தைப் பல்லுக்குப் பல் கைமாற்றிக் கடைவாய்க்குக் கொண்டுபோய்விட்டால், "பிடுங்கியாச்சு" என்று எல்லோரும் கூவ, சொத்தை வெளியேற வேண்டும்.

தபால் ஓடித் திரும்பும்போதெல்லாம் வேக்காடு முடியும் தறுவாயில் இருக்கும். வியர்வையில் நனைந்த நால்வர், தரையில் புரியாத கோடுகள், பாதியில் நின்ற ஒரு சிரிப்பு. "என்ன ஆச்சு?" என்று கேட்பாள். "அது ஒண்ணுமில்ல தபாலு, இவன் கோரைப்பல்ல நின்னுக்கிட்டு முன்பல்லுக்குப் போன பந்தைப் பிடிச்சான்" என்பாள் கோந்து. நால்வரும் மறுபடி சிரிப்பார்கள். தபாலும் சிரிப்பாள், எதற்கென்று தெரியாமல். பின்பு பயிற்றுநர் கரண்டியால் வெந்நீர்த் தொட்டியின் விளிம்பைத் தட்டுவார். எல்லோரும் உள்ளே போவார்கள்.

வீட்டில் இதை அவள் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா மருத்துவமனைச் சலவையகத்தில் முறைப்பணிக்குப் போயிருந்தார். அப்பா மின்தூக்கி பழுது பார்ப்பவர். சமையலறை மேசையில் ஒரு மின்தூக்கியின் பொத்தான் பலகையைக் கழற்றிப் பரப்பியிருந்தார். காலணிக் கடையில் பிறர் பாதங்களுக்கு அளவெடுத்துக் களைத்த அக்கா, தன் பாதங்களை நாற்காலியின் மேல் தூக்கி வைத்திருந்தாள்.

"நான் ஊர்ல இருக்கற லிஃப்டை எல்லாம் ரிப்பேர் பண்ணி ஒருத்தரையும் படியேற விடாம வச்சிருக்கேன்" என்றார் அப்பா. "எனக்குன்னு பொறந்தது அஞ்சு பேருக்கும் சேத்து ஓடுது. பாவக் கணக்கைத் தீக்கறா போலிருக்கு."

"சிரிக்காதீங்கப்பா" என்றாள் அக்கா. தங்கையின் பக்கம் திரும்பினாள். "உனக்கு என்னடி வேணும்? கடலா?"

"கடல் இல்லக்கா."

"பின்னே?"

தபால் சற்று நேரம் ஒரு திருகாணியை உருட்டிக்கொண்டிருந்தாள். "கூட ஓடறதுக்கு ஒருத்தராவது."

"அவங்க போன்தான் உன்கூட ஓடுது. ஆளு வேற எங்கேயோ ஆடுது. நீ ஓடினாத்தான் அவங்களுக்கு நேரம் கிடைக்குது. அந்த நேரத்துல நீ இருக்கறதில்ல. இது உனக்கே நல்லா இருக்கா?"

"நான் நிறுத்திட்டா அப்புறம் வாசல்வரைக்கும்கூட வரமாட்டாங்களே."

அப்பா பொத்தான் ஒன்றை அழுத்திப் பார்த்தார். எந்த மாடிக்கும் போகாத அந்தப் பலகையில் ஒரு சிறு விளக்கு எரிந்தது.

அடுத்த வாரம், மூன்றாம் மேசையின் கொடி உச்சியைத் தொடச் சிறிதே எஞ்சியிருந்த நாளில், அது நடந்தது. தபால் தண்ணீர்த் தொட்டியின் திருப்பத்தை அடைந்தாள். குறுக்கே வரும் அந்தக் காற்று வந்து நெற்றியைத் தொட்டது. அதே கணத்தில் தோள்பையில் ஐந்து கைப்பேசிகளும் ஒருங்கே அதிர்ந்தன. தாய்மார் ஐவரும் ஒன்றாக அழைக்கிறார்களோ என்று அஞ்சி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். திட்டத்தின் செயலி ஐவருக்கும் ஒரே வாழ்த்தை அனுப்பியிருந்தது: "நீங்கள் ஐவரும் இப்போது ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். எத்தனை அழகான நட்பு."

அவள் நின்றாள். தொட்டியின் நிழலில் அவளையன்றி ஓர் உயிரும் இல்லை. அந்த வரியை மீண்டும் படித்தாள். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இறைவன் மனிதனுக்குக் கால்களைக் கொடுத்தான்; துணையைக் கேட்டுப் பெறும் பொறுப்பை அவனிடமே விட்டுவிட்டான் போலும். தான் இதுவரை துணையைக் கேட்டதெல்லாம் பாதி வாயால்தான் என்று அவளுக்குப் பட்டது. சுற்றை முடிக்காமல், வந்த வழியே திரும்பி நடந்தாள்.

பின்முற்றத்து ஆட்டத்தை முழு வேகத்தில் அவள் கண்டது அன்றுதான். சொத்தையான கோந்து, முக்காலியோடு பிறந்தவள் என்று பெயரெடுத்த கோந்து, கூந்தல் அவிழ்ந்து பறக்கத் தாடையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். பந்து ஏணியின் நீண்ட கையிலிருந்து மந்திரிக்கும், மந்திரியிடமிருந்து ஆமாஞ்சாமிக்கும் பாய்ந்தது. "பிடுங்கு, பிடுங்கு" என்ற கூச்சல் சுவர்களில் மோதியது. மழைக்காலத்து முதல் வெள்ளத்தில் துள்ளும் மீன்கள் அப்படித்தான் இருக்கும்.

அவளைப் பார்த்ததும் ஆட்டம் நின்றது.

"ஏன் சீக்கிரம் வந்துட்டே?" என்றான் மந்திரி. "கால்ல அடியா?"

தபால் தோள்பையைக் கழற்றிப் பட்டறையின் சன்னல் திண்டின் மீது வைத்தாள். "எனக்கும் ஒரு பல் குடுங்க" என்றாள்.

ஆமாஞ்சாமி வழக்கம்போல் மந்திரியின் முகத்தைப் பார்த்தான்.

"தாராளமா ஆடு" என்றான் மந்திரி மெதுவாக. "ஆனா இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கோயேன். கொடி உச்சிக்குப் போயிடட்டும். இப்ப விட்டா கடல் கைவிட்டுப் போயிடும்."

"ஒரு வாரம் கழிச்சு வேக்காடு இருக்கும். இன்னிக்கு இருக்கற ஆட்டம் இருக்காது" என்றாள் தபால். "நான் இத்தனை நாள் உங்க நாலு பேரையும் முதுகுல தூக்கிக்கிட்டு ஓடினேன். ஒரு நாள்கூட உங்ககூட ஓடல."

மூச்சிரைத்து நின்ற கோந்துதான் முதலில் வாய் திறந்தாள். "கடலுக்குப் போய் நாம என்ன பண்ணப் போறோம் சொல்லு. மணல்ல ஓரமா உக்காந்து போன் பாக்கப் போறோம். அதுக்கு இவ இன்னும் ஒரு வாரம் சுமக்கணுமா? எனக்கு வேண்டாம்பா கடலு."

"எனக்கும்தான்" என்றான் ஆமாஞ்சாமி. மந்திரி சொல்லும் முன்பே அவன் ஒன்றைச் சொன்னது அதுவே முதன்முறை.

மந்திரி இருவரையும் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "சரி சரி. ஆமாஞ்சாமியே எதிர்க்கட்சிக்குப் போனப்புறம் எனக்கென்ன வேலை" என்றான்.

ஏணி குனிந்து பிளாஸ்டர்க் கட்டியால் தாடையின் ஓரத்தில் ஒரு வட்டம் வரைந்தான். "மேல்தாடை, வலது கடைவாய். ரொம்ப நாளாக் காலியாத்தான் இருக்கு. வந்து நில்லு."

அவளுக்கு ஓடத் தெரியும், பிடிக்கத் தெரியாது. முதல் பந்தே கைக்குள் வந்து நழுவியது. "சொத்தை" என்று நால்வரும் மகிழ்ந்து கூவினர். அவள் ஓடினாள். பந்து இரண்டு பல் தாண்டுவதற்குள் தன் இடத்திற்கு வந்து நின்றாள். மறுபடி சொத்தை, மறுபடி ஓட்டம், மறுபடியும் பிடுங்க முடியவில்லை. ஐந்தாறு முறை தோற்றபின் மந்திரி கையை உயர்த்தினான்.

"சாதாரண வைத்தியம் இவளுக்கு எடுபடாது. புது விதி. தபாலு சொத்தையானா வேர் சிகிச்சை. எல்லாரும் துரத்தணும். தாடைக்கு வெளியில ஓடினாலும் விடக் கூடாது."

அடுத்த பந்தையும் அவள் தவறவிட்டாள். வேண்டுமென்றே விட்டாளா என்பதை அவள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. பின்வாசல் திறந்திருந்தது. அவள் வெளியே பாய்ந்தாள். பின்னால் நான்கு சோடிக் கால்களின் ஓசை எழுந்தது. பணிமனைச் சுவர் பாதிவரைதான் அவர்களால் வர முடிந்தது. ஏணி சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். கோந்து நடைபாதையிலேயே அமர்ந்துவிட்டாள். தண்ணீர்த் தொட்டி இன்னும் தொலைவில் இருந்தது. ஆயினும் அந்தப் பாதிச் சுவர் தபாலுக்கு ஒரு திருக்கோபுரத்தைக் கண்டதுபோல் இருந்தது.

பக்கத்து மேசைக்காரர்கள் படிகளில் அமர்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தனர். எத்தனை நாள்தான் பார்ப்பது? முதலில் இரண்டாம் மேசையிலிருந்து இருவர் கீழ்த்தாடை வரைந்து தரச் சொன்னார்கள். அவர்களுடைய தோழிகள் வந்தார்கள். தோழிகளைத் தேடி ஐந்தாம் மேசை வந்தது. ஒருவன் ஓடும்போது சட்டைப் பையிலிருந்து கைப்பேசி விழுந்து தெறித்தது. அன்றே மந்திரி இன்னொரு விதி போட்டான்: ஆட வருகிறவர் கைப்பேசியைச் சன்னல் திண்டில் வைத்துவிட்டு வர வேண்டும். அந்த வார இறுதிக்குள் திண்டின்மேல் கைப்பேசிகள் வரிசை பிசகாமல் பல் வரிசைபோல் அடுக்கப்பட்டிருந்தன.

குடிநீர்க் குழாயருகே திரையில் எல்லாக் கொடிகளும் வாடின. மூன்றாம் மேசையின் கொடி முதலில் சாய்ந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் தரையில் படுத்தன. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஆடுகிறவர்களுக்கு அதைப் பார்க்க நேரமில்லை.

சுகாதார அக்காவுக்கு நேரமிருந்தது. திங்களன்று வேக்காட்டு வேளையில் அவர் விழுந்தடித்துக்கொண்டு வந்தார். வந்த வேகத்தில் ஒரு செருப்பின் வார் அறுந்திருந்தது. வெந்நீர்த் தொட்டியின் அருகே தனியே நின்ற பயிற்றுநரிடம், "சார், எல்லாருக்கும் காய்ச்சலா? மொத்த மையத்துலயும் ஒரு ஆள்கூட அசையல. மேலிடத்துல திட்டத்தையே மூடிடலாம்னு சொல்றாங்க" என்றார்.

பயிற்றுநரின் இரு கைகளிலும் பிளாஸ்டர். முகவாயால் பின்வாசலைக் காட்டினார்.

சுகாதார அக்கா வாசலில் நின்று பார்த்தார். இரு தாடைகளில் ஒரு மையமே ஓடிக்கொண்டிருந்தது. அவரைக் கண்டதும் ஆட்டம் அடங்கியது. மூன்றாம் மேசை ஒரு பக்கமாகக் குவிந்தது. மந்திரி முன்னே வந்தான்.

"அக்கா, யோசனை என்னோடது. எங்க கொடி ஏறினது பொய். எல்லார் போனையும் இவகிட்ட குடுத்து ஓட விட்டோம்."

"நானும்தான் வாங்கிக்கிட்டேன்" என்றாள் தபால். "யாரும் கட்டாயப்படுத்தல."

சுகாதார அக்கா சன்னல் திண்டின் கைப்பேசி வரிசையைப் பார்த்தார். வியர்த்து நின்ற முகங்களைப் பார்த்தார். "அப்போ போன் ஓடினப்போ நீங்க ஓடல. நீங்க ஓடறப்போ போன் ஓடல."

"ஆமாங்கக்கா" என்றான் ஆமாஞ்சாமி.

"இப்ப இதையெல்லாம் இடுப்புல கட்டிக்கிட்டு ஓடச் சொன்னா ஓடுவீங்களா?"

"விழுந்து உடைஞ்சா யாருக்கா பதில் சொல்றது?" என்றாள் கோந்து.

சுகாதார அக்கா படியில் அமர்ந்தார். முதலில் அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று எல்லோரும் பயந்தனர். பிறகுதான் சிரிப்பு வெளியே வந்தது. "பக்கத்துல இருக்கறவன் எழுந்தா நீங்களும் எழுவீங்கன்னு நானே சொன்னேன். சொல்லிட்டு, பக்கத்துல இருக்கறவனைப் பாக்க விடாம ஒரு திரையை மாட்டி வச்சேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, மேலிடத்துக்கு நான் என்ன சொல்றது?"

"வந்து ஆடச் சொல்லுங்க. இடது கடைவாய்ல ரெண்டு பல் காலியா இருக்கு" என்றான் ஏணி. "உங்களுக்கு வேணும்னா ஞானப்பல் தரோம். லேட்டாத்தானே வந்தீங்க."

"கடல் கிடையாது, தெரியுமில்ல? பொய் சொன்ன மேசைக்கு நான் பரிசு குடுக்க முடியாது."

"அதை நாங்க போன வாரமே வேண்டாம்னுட்டோம்" என்றாள் கோந்து. பிறகு குனிந்து, எல்லோரும் பார்க்கத் தன் காலணியின் கயிற்றை இறுக்கினாள். நிமிர்ந்து தபாலைப் பார்த்தாள். "வேக்காடு முடிய இன்னும் நேரம் இருக்கு. அந்தத் தண்ணித் தொட்டியை நான் இன்னும் பாக்கலடி. சொத்தை கித்தை எல்லாம் வேண்டாம். சும்மா ஒரு சுத்து போலாம், வா. ஆனா மெதுவா. நான் செத்துட்டா எங்க அம்மாவுக்கு நீதான் பதில் சொல்லணும்."

தபால் பின்வாசலைத் தாண்டினாள். கோந்து தாண்டினாள், ஏணியும் மந்திரியும் ஆமாஞ்சாமியும் தாண்டினர், அவர்களைக் கண்டு மற்ற மேசைகளும் ஒவ்வொன்றாக எழுந்தன. செருப்பறுந்த சுகாதார அக்கா கைப்பேசிகளுக்குக் காவலாகத் திண்டருகே நின்றுகொண்டார்.

பணிமனைச் சுவரின் பாதியில் ஏணி வழக்கம்போல் சுவரைத் தழுவினான். தபால் திரும்பி வந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஓடியும் நடந்தும், ஒருவரையொருவர் ஏசியும் தாங்கியும், அவர்கள் தொட்டியின் திருப்பத்தை அடைந்தனர். எங்கிருந்தோ அந்தக் காற்று குறுக்கே வந்தது. அவிழ்ந்த கூந்தலும் நனைந்த சட்டைகளும் ஒருங்கே அசைந்தன. முட்டியில் கைகளை ஊன்றி நின்ற கோந்து மெல்லத் தலையை உயர்த்தினாள்.

"ஏய் தபாலு" என்றாள் மூச்சுக்கு நடுவே. "காத்து எப்படி அடிக்குது பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள் தபால்.

அந்நேரம் பட்டறையின் சன்னல் திண்டில் ஒரு கைப்பேசி அடித்தது. ஓய்ந்து மறுபடியும் அடித்தது. சுகாதார அக்கா அதை எடுத்தார்.

"அவன் இன்னிக்கும் குளிக்கிறானா?" என்றது ஒரு தாயின் குரல்.

"இல்லைங்கம்மா. உங்க பையன் ஓடிக்கிட்டிருக்கான்."

"யாரு, ரொம்ப உயரமா, சோம்பலா ஒரு பையன்..."

"அவனேதான். ஃபிரெண்ட்ஸ் எல்லாரோடயும் சேந்து தண்ணித் தொட்டியைச் சுத்தி ஓடறான்."



"மன்னிச்சுக்கம்மா" என்றார் ஏணியின் தாய். "ராங் நம்பர்."